காணி வழக்கில் எழுதியதைத் திருத்துவதும் விடுபட்டவரைச் சேர்ப்பதும்

இலங்கை மலைநாட்டில் காணி வழக்கு என்று லோயரிடம் முதல்நாள் போகும்போது நாம் கொண்டுபோவது ஒரு பழைய உறுதி (காணிப் பத்திரம்), இரண்டு வரிச்சிட்டை, அப்புறம் நிறையக் கோபம். அந்தக் கோபத்தில் சொன்ன கதைதான் வழக்குரையாக, அதாவது வழக்குப் போடக் கொடுக்கும் தாளாக, டைப் ஆகிறது. பிறகு நில அளவையாளர் வந்து அளக்கும்போதுதான் எல்லை தப்பு, பேர் தப்பு, ஒரு அக்காவை விட்டுவிட்டோம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. புசல்லாவைப் பக்கம் 18 பேர்ச்சஸ். உறுதியில் வடக்கே ஓடை. டைப் அடித்தவர் அதைக் கிழக்கே போட்டுவிட்டார். வழக்குரை சிங்களத்தில் இருந்ததால் பெரியப்பா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நான்கு வருஷம் கழித்து அளவையாளரின் பிளான் வந்தபோது, நாங்கள் கேட்ட காணியும் நாங்கள் இருக்கும் காணியும் வேறு வேறாக இருந்தன. அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, பெரியப்பாவின் கோப்பைச் சுமந்து திரிந்தவன். கையெழுத்து வைக்குமுன் உங்கள் லோயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்கு எந்த வகை?

திருத்தும் விதி வழக்குக்கு வழக்கு மாறும். அடிதடி நடக்கும் நிலையில் பொலிஸ் கொண்டுபோகும் 66ஆம் பிரிவு வழக்கு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் வருவது. அங்கே பார்ப்பது யார் இருப்பில் இருந்தார், கடைசி இரண்டு மாதத்துக்குள் யாரை யார் வெளியேற்றினார் என்பதைத்தான். காணி யாருடையது என்று அங்கே முடிவாகாது. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றம்.

மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு வகையைத்தான் நம் ஆட்கள் அதிகம் போடுகிறார்கள். 'இது என் காணி, இவரை வெளியேற்றுங்கள்' என்பது ஒன்று. 'நாங்கள் ஐந்து பேர் பங்காளிகள், பிரித்துக் கொடுங்கள்' என்பது மற்றது. முதலாவதில் திருத்தம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 93ஆம் பிரிவின்படியும், ஆள் சேர்ப்பது 18ஆம் பிரிவின்படியும் நடக்கும். இரண்டாவதுக்கு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குபிரிப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

லயன் காம்பராவுக்கும் அதைச் சுற்றிய தோட்டக் காணிக்கும் இந்தக் கட்டுரை அப்படியே பொருந்தாது. அந்த நிலம் பெரும்பாலும் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே. உங்கள் பெயரில் நொத்தாரிசு எழுதிய உறுதி இருக்கிறதா, அரச அனுமதிப் பத்திரமா, வெறும் தோட்டத்துத் துண்டுக் கடிதமா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். துண்டுக் கடிதத்தை நம்பி உரிமை வழக்குப் போட்டால், எத்தனை திருத்தம் செய்தும் அது நிற்காது.

கோப்பின் பிரதியை எடுத்து நீங்களே வாசியுங்கள்

நீதிமன்றப் பதிவறையில் விண்ணப்பம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி கிடைக்கும். வழக்குரை, எதிராளியின் மறுமொழி, ஒவ்வொரு தவணையிலும் நீதிபதி எழுதிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாகக் கேளுங்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்காளியோ எதிராளியோ தமிழிலேயே வழக்காவணங்களைக் கொடுக்கலாம், நீதிமன்ற மொழி புரியாதவருக்கு அரசு மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். வெட்கப்படாமல் முதல் தவணையிலேயே கேட்டுவிடுங்கள்.

வாசிக்கும்போது கண் வைக்க வேண்டிய முதல் இடம் அட்டவணை, அதாவது வழக்குரையில் காணியை விவரிக்கும் பகுதி. கோவையின் 41ஆம் பிரிவு, காணியை எல்லைகளாலோ வரைபடத்தாலோ அடையாளம் தெரியும்படி விவரிக்கச் சொல்கிறது. உறுதியைப் பக்கத்தில் வைத்து நான்கு எல்லையையும், பரப்பையும், பிளான் இலக்கத்தையும், அளவையாளர் பெயரையும், பிளான் தேதியையும் ஒப்பிடுங்கள். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், ரூட் ஒன்றுக்கு 40. ரூட்டையும் பேர்ச்சஸையும் மாற்றிப் போட்டிருப்பார்கள், நம்ப மாட்டீர்கள், நிறைய வழக்கில் இது நடக்கிறது. பழைய உறுதியில் எல்லையாகச் சொன்ன வேலி, கான், மரம் எல்லாம் மண்சரிவிலும் வீதி அகலிப்பிலும் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் பழைய எல்லையையும் இன்றைய எல்லையையும் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து பெயர்கள். எங்கள் ஆட்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒன்று, தோட்டச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) இன்னொன்று. வீரன் வீரய்யாவாகவும் வீராசாமியாகவும் மூன்று ஆளாகிவிடுவார். உறுதியில் எந்தப் பேரோ அதைப் போட்டு, 'மற்றப் பெயர்' என்று அடுத்ததையும் சேர்ப்பதுதான் நல்லது. கடைசியாக, வேண்டுதல் பகுதி. கேட்காததை நீதிமன்றம் தராது. வெளியேற்றம் கேட்டிருக்கிறீர்கள், உரிமைப் பிரகடனம் கேட்கவில்லை என்றால் அது திருத்த வேண்டிய குறை.

ஒரு தேதியை மட்டும் நெஞ்சில் எழுதுங்கள்

93ஆம் பிரிவு ஒரு கோட்டைப் போட்டிருக்கிறது. பழைய விதிப்படி அந்தக் கோடு விசாரணைக்கு முதன்முதலில் குறித்த தினம். 2017ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முன்விசாரணை என்ற கட்டத்தைக் கொண்டுவந்ததோடு, கோட்டையும் முன்னே இழுத்துவிட்டது. முன்விசாரணைக்கு முதன்முதலில் குறித்த தினத்துக்கு முன் கேட்டால், எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் விருப்புரிமையில் திருத்தம் கிடைக்கும். நியாயமாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், செலவுத் தொகை ஒன்று கட்டச் சொல்வார்கள்.

அந்தத் தினம் வந்துவிட்டால் நிலைமையே வேறு. திருத்தத்தை மறுத்தால் பாரதூரமான, பிறகு ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். அதோடு நீங்கள் அசட்டையாகத் தாமதித்தவர் இல்லை என்றும் காட்ட வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. நீதிபதி காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். 'லோயர் கவனிக்கவில்லை', 'எங்களுக்குத் தெரியாது' என்பதெல்லாம் தாமதத்துக்கு நல்ல காரணமாக எடுபடுவதில்லை. உறுதி முதல் நாளிலிருந்தே உங்கள் பெட்டியில் இருந்ததென்றால், அதிலுள்ளதை நான்கு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? பெரியப்பாவிடம் எதிர்த்தரப்பு லோயர் கேட்ட கேள்வி இதுதான். பதில் இல்லை.

அதனால் என் யோசனை இது. மறுமொழி வந்த உடனேயே, முன்விசாரணைத் தேதி குறிக்குமுன், ஒரு தனியார் அளவையாளரை வைத்துக் காணியை உறுதியோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். நீதிமன்றக் கமிஷன் (நீதிமன்றம் அனுப்பும் அளவையாளர்) வரும்வரை காத்திருந்தால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். காசு கொஞ்சம் போகும்தான்.

எது திருத்தம், எது புது வழக்கு

எழுத்துப்பிழை, பரப்பு, எல்லை, பிளான் இலக்கம், விடுபட்ட உறுதி, விடுபட்ட வேண்டுதல் இவையெல்லாம் திருத்தம். ஆனால் ஒரு தன்மையுள்ள வழக்கை அதற்கு முரணான இன்னொரு தன்மையுள்ள வழக்காக மாற்ற முடியாது. வாடகைக்காரர் என்று சொல்லிப் போட்ட வழக்கை, நடுவழியில் அத்துமீறி நுழைந்தவர் என்று திருப்பினால் எதிர்ப்பு வரும். அட்டவணையைத் திருத்தும் சாட்டில் பக்கத்துத் துண்டையும் சேர்க்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதையும் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள்.

எதிராளிக்கும் இதே உரிமை இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பத்து வருட எதிரிடையான ஆட்சியை மறுமொழியில் சொல்லாமல் விட்டவர்கள், பிறகு அதைச் சேர்க்க ஓடி வருவார்கள். நீங்கள் எதிராளியாக இருந்தால் அந்தப் பத்து வருடத்தை முதல் மறுமொழியிலேயே எழுதுங்கள்: எந்த ஆண்டு நுழைந்தீர்கள், என்ன நட்டீர்கள், யார் தடுத்தார்கள்.

தாள்கள்

வேலை இப்படி நடக்கும். உங்கள் பதிவு பெற்ற சட்டத்தரணி ஒரு மோஷன் (நீதிமன்றத்துக்கான கோரிக்கைத் தாள்) எழுதி, திருத்திய வழக்குரையை முழுதாகப் புதிதாக டைப் செய்து இணைப்பார். புதிதாக வந்த இடங்களைக் கோடிட்டுக் காட்டினால் நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் வேலை மிச்சம். ஏன் திருத்தம், ஏன் இப்போது என்பதற்கு ஒரு சத்தியக்கடதாசியும் வைப்பது நல்லது, கோட்டைத் தாண்டியிருந்தால் அது இல்லாமல் போகவே வேண்டாம். அதில் தேதிகள் இருக்க வேண்டும்: பிளான் எந்த நாள் கிடைத்தது, எந்த நாள் லோயரிடம் கொடுத்தீர்கள். சமாதான நீதவான் முன் கையொப்பமிடும்போது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர் அவசரத்தில் இருந்தாலும் சரி.

மோஷனின் பிரதி எதிர்த்தரப்பு லோயருக்குப் பதிவுத் தபாலில் போக வேண்டும், தபால் பற்றுச்சீட்டு கோப்பில் ஏற வேண்டும். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்ட கையொப்பம். தவணை நாளில் அவர்கள் சம்மதித்தால் அன்றே முடிந்துவிடும். ஆட்சேபித்தால் விளக்கத்துக்கு இன்னொரு தேதி, எழுத்துச் சமர்ப்பணம், கட்டளை என்று சில மாதங்கள் போகும். கட்டளை உங்களுக்கு எதிராக வந்தால் மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மனுச் செய்ய 14 நாட்கள்தான். எண்ணிக்கொண்டிருக்காமல் மறுநாளே லோயரைப் பாருங்கள்.

லோயருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அது, பல நீதிமன்ற நகரங்களில் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன.

யாரை விட்டுவிட்டீர்கள்?

எங்கள் மலைநாட்டில் சிக்கல் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். உறுதி அப்பா பெயரில் இருக்கும், அப்பா இல்லை. கண்டிய சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, தேசவழமையும் யாழ்ப்பாணத்தாருக்குத்தான். எங்களுக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மரணசாதனம் எழுதாமல் இறந்தால் பாதி துணைக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. 20 பேர்ச்சஸ் என்றால் அம்மாவுக்கு 10, ஐந்து பிள்ளைகளுக்குத் தலா 2.

அந்த ஐவரில் ஒருவர் இங்கே இருக்கமாட்டார். இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார் வழியாகக் கப்பல் ஏறிய அக்கா நீலகிரியில் இருப்பார், இல்லை இறந்து அவர் பிள்ளைகள் இருப்பார்கள். அவர் இந்தியப் பிரஜை ஆனதால் பங்கு போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பிரஜாவுரிமை மாறியதால் மட்டும் பரம்பரைப் பங்கு போவதில்லை. பங்குபிரிப்பு வழக்கில் அவரை விட்டால், பிறகு அவர் பிள்ளை ஒருவர் வந்து நிற்கும்போது உங்கள் முகத்தை எங்கே வைப்பீர்கள்? சம்மதமாக இருந்தால், அவர் அங்கிருந்து அட்டோர்னித் தத்துவம் (தனக்காக நிற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் சான்றுப்படுத்தி அனுப்பினால், இங்கே பதிவுசெய்து ஒருவர் அவருக்காக நிற்கலாம். அழைப்பாணையை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சொந்தத்தைச் சேர்ப்பதில் ஒரு மனக்கசப்பும் உண்டு. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 19ஆம் பிரிவின்படி ஒருவரை அவருடைய சம்மதம் இல்லாமல் வழக்காளியாகச் சேர்க்க முடியாது. அதனால் சம்மதக் கடிதம் தராத தங்கச்சியை எதிராளியாகத்தான் சேர்ப்பார்கள். பிஸ்கால் (நீதிமன்றத் தாள்களைக் கொண்டுவரும் அலுவலர்) வந்து அழைப்பாணை கொடுத்ததும் 'என் மேலேயே கேஸ் போட்டியா அண்ணா' என்று அழைப்பு வரும். எங்கள் சின்னத்தை இரண்டு வருஷம் வீட்டுப்படி மிதிக்கவில்லை. தாள் போகுமுன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், 'பேருக்குத்தான் எதிராளி, உன் பங்கைத் தரவே சேர்க்கிறோம்' என்று.

அத்துமீறி நுழைந்தவரை வெளியேற்றும் வழக்கென்றால் எல்லாப் பங்காளிகளும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரு பங்காளியே போடலாம். அங்கே பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கம். காணியில் உண்மையில் குடியிருப்பது யார்? மாமனார் பேரில் வழக்குப் போட்டுவிட்டு, அறைகளில் மருமகன் இருந்தால், தீர்ப்பு வந்த பின் அவர் 'நான் வழக்கில் இல்லையே' என்று கதவைத் திறக்கமாட்டார்.

எல்லைக்கு அப்பால் தோட்டக் கம்பனியோ அரச காணியோ இருந்து, அதோடு தகராறு என்றால் அரச தரப்பும் தேவைப்படும். சட்டமா அதிபரையோ, அமைச்சரையோ, தன் பதவியில் செய்த காரியத்துக்காக ஒரு அரச உத்தியோகத்தரையோ வழக்கில் இழுக்க கோவையின் 461ஆம் பிரிவு ஒரு மாத முன்னறிவித்தல் கேட்கிறது. இந்த மாதத்தையும் முன்விசாரணைத் தேதிக்கு முன் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமும் அழைப்பாணையும்

18ஆம் பிரிவு, வழக்கை முழுமையாகத் தீர்க்கத் தேவையானவரை எந்நேரமும் சேர்க்கலாம் என்கிறது. இதைக் கேட்டு ஆறுதலாக இருப்பவர்கள் 20ஆம் பிரிவைப் படிப்பதில்லை. புதிதாகச் சேர்த்த எதிராளிக்கு எதிராக வழக்கு ஆரம்பித்ததாகக் கருதப்படுவது, அவருக்கு அழைப்பாணை சேர்ந்த நாளிலிருந்துதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மருமகன் 2014இல் குடிவந்தார். நீங்கள் 2021இல் மாமனார் மேல் வழக்குப் போட்டீர்கள். மருமகனைச் சேர்த்து அழைப்பாணை போனது 2025இல். 2021இல் அவருக்கு ஆனது ஏழு வருடம். 2025இல் பதினொன்று. உங்கள் தாமதமே அவருக்குப் பத்து வருட ஆட்சி என்ற வாதத்தைக் கையில் கொடுத்துவிட்டது.

ஆளைச் சேர்த்ததும் 21ஆம் பிரிவின்படி வழக்குரையையும் அதற்கேற்பத் திருத்தி, புதியவருக்கும் பழையவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பெயரை மட்டும் தலைப்பில் ஏற்றிவிட்டு, அவர் என்ன செய்தார், அவரிடம் என்ன கேட்கிறோம் என்று உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் விடுகிறார்கள். தலைப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல் பந்திகளையும் பாருங்கள்.

பங்குபிரிப்பு வழக்கில், பங்குபிரிப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி தீர்ப்புச் சொல்லப்படுமுன் எப்போதும் ஆள் சேர்க்கலாம். வழக்கில் இல்லாமல் பங்கு கேட்பவர் நீங்களென்றால், அளவையாளர் காணிக்கு வரும் நாளில் போய்ச் சொல்லுங்கள், அவர் அறிக்கையில் உங்கள் பேர் ஏறும். பிறகு மனுவும் சத்தியக்கடதாசியும் உங்கள் உறுதிகளும் கொடுத்துச் சேரலாம். அந்தச் சட்டத்தின் 48ஆம் பிரிவு தீர்ப்பாணைக்கு மிகப் பலமான இறுதித்தன்மை கொடுத்திருக்கிறது, அது வந்த பின் அழுது பிரயோசனம் குறைவு.

ஒரு தரப்பு நடுவில் இறந்தால் அது சேர்ப்பது அல்ல, பிரதியீடு. இறந்தவருடைய இடத்தில் வாரிசை ஏற்றும் விதிகள் கோவையின் 393ஆம் பிரிவை அடுத்து வருகின்றன. மரணப் பத்திரத்தோடு அடுத்த தவணைக்கே போய்விடுங்கள்.

திருத்தம் கிடைத்த பிறகு

செலவுத் தொகையை நீதிபதி சொன்ன தேதிக்குள் கட்டிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் போடுங்கள், முன்கட்டணமாகச் சொல்லியிருந்தால் அந்தத் தேதி தப்பக்கூடாது. எதிராளி திருத்திய மறுமொழிக்குத் தேதி கேட்பார், அது அவருடைய உரிமை.

காணி விவரம் மாறியிருந்தால் இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. வழக்குப் போட்டபோது காணிப் பதிவகத்தில் லிஸ் பென்டன்ஸ் (இந்தக் காணிமேல் வழக்கு நடக்கிறது என்ற அறிவித்தல்) பதிந்திருப்பீர்கள், வழக்கு நடக்கும்போது யாரும் வாங்கி ஏமாறாமலும் ஏமாற்றாமலும் இருக்க. அது பழைய அட்டவணைப்படி பதிந்தது. திருத்திய அட்டவணைப்படி மறுபடி பதிய வேண்டுமா என்று லோயரிடம் கேட்டு, பதிந்தபின் சரியான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பதிவகத்தில் தேடிப் பாருங்கள். பெரியப்பாவின் வழக்கில் அது வேறொரு காணியின் பக்கத்தில் ஏறிக் கிடந்தது.